லாரி ரேடியேட்டர்: எஞ்சின் சூட்டை அடக்கிய வரலாறு

லாரி, பேருந்து, கார் முதலிய ஊர்திகளின் எஞ்சினில் உண்டாகும் மிகுதியான வெப்பத்தைத் தண்ணீர் வழியாக வாங்கி வெளிக்காற்றில் விடும் கருவி ரேடியேட்டர் எனப்படும். எஞ்சின் சூடேறி நடுவழியில் லாரி நின்றால் முதலில் பழி சுமப்பது ரேடியேட்டர்தான். அதைக் கழற்றி மாற்றிய பிறகும் சூடு குறையாமல் பணத்தை இழந்த லாரி உரிமையாளர்கள் பலர். இதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையை ரேடியேட்டர் தனியாகச் செய்வதில்லை. பம்பு, விசிறி, தெர்மோஸ்டாட், அழுத்த மூடி, கூலன்ட் ஆகியவை சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. இவை எல்லாம் ஒரே நாளில் உருவானவை அல்ல. ஒவ்வொன்றும் முன்பு நேர்ந்த ஒரு கோளாறுக்கு விடையாக வந்து சேர்ந்தது. ஆகவே இவற்றின் வரலாற்றை அறிவது, பழைய லாரி ஒன்று ஏன் சூடாகிறது, அதற்கு எந்த ரேடியேட்டர் பொருந்தும் என்று கண்டறியவும் உதவுகிறது.

வெப்பக் கணக்கு

எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினியப் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த வெப்பம் ஓயாமல் வெளியேற்றப்படுவதுதான்.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீரில் சேர்கிறது. எஞ்சினுக்கு எஞ்சின் இந்தப் பங்கீடு மாறும். டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் தண்ணீருக்குப் போகும் வெப்பம் சற்றுக் குறைவு. 90 குதிரைத்திறன் கொண்ட பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்று முழு விசையோடு மேடேறும்போது, ஐம்பது அறுபது மின் இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் தரும் அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

ரேடியேட்டர் என்ற பெயருக்கு வெப்பத்தைக் கதிர்களாக வீசுவது என்று பொருள். உண்மையில் அது கதிர்வீச்சால் இழக்கும் வெப்பம் சிறிதளவே. சூடான தகடுகளுக்கு இடையே புகுந்து செல்லும் காற்றுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்தால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும். தண்ணீர் ஓட வேண்டும், காற்று ஓட வேண்டும், இரண்டுக்கும் இடையே உள்ள சுவர் மெல்லியதாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் சூடேறும்.

கொதித்துத் தீர்ந்த தண்ணீர்

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886 சனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில், இன்று காணப்படுவது போன்ற ரேடியேட்டர் இல்லை. சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு சென்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 106 கி.மீ. தொலைவு இந்த வண்டியில் சென்றார். வழியில் மீண்டும் மீண்டும் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

இது அறியாமையால் செய்யப்பட்ட ஏற்பாடு அன்று. ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 335 கிலோ ஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோ ஜூல் தேவை. அதாவது ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கொதிக்கும் தண்ணீர் வெப்பத்தை நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. ஆனால் தண்ணீர் தீர்ந்துகொண்டே போகும். சிறு வண்டிக்கு ஒத்துவந்த இந்த முறை, பாரம் ஏற்றும் வண்டிக்கு ஒத்துவரவில்லை. 1896-இல் டைம்லர் நிறுவனம் உலகின் முதல் மோட்டார் லாரியை உருவாக்கியது. 4 குதிரைத்திறன் கொண்ட அந்த லாரி 1,500 கிலோ சரக்கைச் சுமந்தது. எஞ்சினின் ஆற்றல் கூடக்கூட, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிரவைத்துப் பயன்படுத்தும் வழி தேவைப்பட்டது.

தேன்கூடு ரேடியேட்டர்

அந்த வழியைக் காட்டியவர் டைம்லர் நிறுவனத்தின் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காரில் தேன்கூடு ரேடியேட்டரை அவர் பொருத்தினார். 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. உயரமும் கொண்ட 8,070 சிறு சதுரக் குழாய்களை அடுக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்து அது செய்யப்பட்டது. குழாய்களுக்குள் காற்று சென்றது. குழாய்களுக்கு இடையே இருந்த மெல்லிய சந்துகளில் தண்ணீர் இறங்கியது. பின்னால் ஒரு விசிறி காற்றை இழுத்தது. 9 லிட்டர் தண்ணீரே முழு எஞ்சினுக்கும் போதுமானதாக இருந்தது.

தண்ணீரின் அளவைக் கூட்டுவதைவிட, தண்ணீரும் காற்றும் நெருங்கும் பரப்பைக் கூட்டுவதே பயன் தரும் என்பதை மேபாக்கின் ரேடியேட்டர் மெய்ப்பித்தது. இன்றைய ரேடியேட்டர்கள் அனைத்தும் அந்தக் கருத்தின் வழிவந்தவையே. ஆனால் தேன்கூட்டுக்கு ஒரு குறை இருந்தது. ஆயிரக்கணக்கான ஈயப் பற்றுகளில் ஏதாவது ஒன்று விட்டாலும் ஒழுகும். நடுவில் உள்ள ஒழுக்கை அடைப்பதும் கடினம். ஆகவே, தட்டையான குழாய்களுக்குள் தண்ணீரும், அவற்றுக்கு இடையே ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகளை ஒட்டிக் காற்றும் செல்லும் அமைப்பு காலப்போக்கில் அதன் இடத்தைப் பிடித்தது. மேல் டேங்க், கீழ் டேங்க், இரண்டுக்கும் நடுவே கோர் என்னும் குழாய்க்கட்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய லாரிகளில் காணப்படும் ரேடியேட்டர்.

பம்பு இல்லாத காலம்

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் முதல் 2,500 வண்டிகளில் தண்ணீர்ப் பம்பு இருந்தது. அதன்பின் ஃபோர்டு நிறுவனம் பம்பை நீக்கிவிட்டது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை மட்டும் நம்பி எஞ்சின் இயங்கியது. இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். 1917-இல் வந்த ஒரு டன் மாடல் டிடி லாரியிலும் இதே முறைதான்.

இம்முறையில் பழுதாகும் உறுப்பு எதுவும் இல்லை. செலவும் குறைவு. ஆனால் தண்ணீரைத் தள்ளும் விசை மிகச் சிறியது. ரேடியேட்டரின் மேல் குழாய் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் சுற்றோட்டம் நின்றுவிடும். பாதித் தண்ணீர் இருக்கும்போதே எஞ்சின் கொதிக்கும். பாரமும் வேகமும் கூடியபோது பம்பு மீண்டும் தேவைப்பட்டது. 1927-இல் அறிமுகமான மாடல் ஏ காரில் ஃபோர்டு நிறுவனமே பம்பைத் திரும்பப் பொருத்தியது.

ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதும் அக்காலத்தில் முடிவாகாத கேள்வி. முதல் உலகப் போரில் பெயர் பெற்ற அமெரிக்க மேக் ஏசி லாரியில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது. முன்புறம் மோதினாலும் ரேடியேட்டர் தப்பும். ஆயினும் காற்று நேராக வந்து மோதும் முன்புறமே சிறந்த இடம் என்று பிற்காலத் தொழில் தீர்மானித்தது.

அளக்கவும் அடக்கவும் வந்த கருவிகள்

தொடக்கத்தில் ஆவி கிளம்புவதைப் பார்த்துத்தான் ஓட்டுநர் சூட்டை அறிந்தார். 1910-களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானி பரவியது. ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற அந்த மானியை ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். அது அளந்தது தண்ணீரின் சூட்டை அன்று. தண்ணீருக்கு மேலிருந்த ஆவியின் சூட்டை. எஞ்சினின் நிலையை அது ஓரளவுக்கே சொன்னது. மானி காட்டுவதும் எஞ்சினில் இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல என்ற பாடம் அன்றே தொடங்கியது.

எஞ்சின் மிகக் குளிர்ந்திருப்பதும் கேடுதான். குளிர்ந்த சிலிண்டரில் எரிபொருள் முழுமையாக எரியாது. ஆயிலில் ஈரமும் எரிபொருளும் கலக்கும். தேய்மானம் கூடும். ஆகவே எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, பிறகு திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வந்தது. முதலில் வந்தவை துருத்தி போன்ற உலோக உறைக்குள் திரவம் அடைத்தவை. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகு அடைத்த தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். மெழுகு உருகும்போது விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். இன்றுவரை பெரும்பாலான லாரிகளில் இருப்பது இந்த வகையே.

குளிர்நாடுகளில் இன்னொரு தொல்லை இருந்தது. உறைந்த தண்ணீர் விரிந்து எஞ்சின் பிளாக்கைப் பிளந்துவிடும். ஆல்கஹால் கலந்து பார்த்தார்கள். அது விரைவில் ஆவியாகிப் போனது. பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் 1856-இல் கண்டறிந்த எத்திலீன் கிளைகால் 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தண்ணீரும் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை ஏறக்குறைய 107 டிகிரிக்கு உயர்கிறது. துருத் தடுப்பு மருந்துகளும் அதில் சேர்க்கப்படுகின்றன. ஆனால் வெப்பத்தைச் சுமக்கும் திறனில் கிளைகால் தண்ணீரைவிடக் குறைந்தது. எனவே கூலன்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றுவது சூட்டைக் குறைக்காது, கூட்டும்.

பாலைவனம் கற்பித்த பாடம்

குளிர்விக்கும் தண்ணீரின் மதிப்பு முழுமையாக வெளிப்பட்ட இடம் லிபியப் பாலைவனம். பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளரான ரால்ஃப் பேக்னோல்டு, 1920-களின் பிற்பகுதியில் எகிப்தில் பணியாற்றியபோது நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் மணற்கடலுக்குள் பயணம் செய்தார். ரேடியேட்டரில் கொதித்து வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் குடிநீரிலிருந்து கழியும் லிட்டராக இருந்தது. அதைத் தடுக்காமல் நெடுந்தொலைவு செல்ல இயலாது.

அவர் செய்த ஏற்பாடு எளியது. ரேடியேட்டரின் வழிவு குழாயை நீட்டி, வண்டியின் பக்கவாட்டில் கட்டிய தகரக் கேனுக்குள் கொண்டுசென்றார். கேனில் பாதியளவு தண்ணீர் இருக்கும். குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். ரேடியேட்டர் மூடி காற்றுப் புகாதபடி இறுக்கப்பட்டிருக்கும். கொதிக்கும்போது வெளிவரும் ஆவி கேனிலுள்ள தண்ணீரில் கலந்து தண்ணீராகிவிடும். வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டர் குளிரும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் கேனிலுள்ள தண்ணீரைக் களகளவென்று திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு துளியும் வீணாகாது.

பின்காற்று அடிக்கும்போது வண்டி அடிக்கடி கொதித்தது. வண்டியும் காற்றும் ஒரே திசையில் செல்வதால் ரேடியேட்டருக்குள் காற்றோட்டம் இருக்காது. அப்போது வண்டியை எதிர்க்காற்றை நோக்கித் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. புதிய கருவி எதுவும் இன்றி, காற்றோட்டத்தைப் புரிந்துகொண்டதாலேயே கிடைத்த தீர்வு இது.

1940 சூலையில் எகிப்தில் பேக்னோல்டு தொடங்கிய நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவின் செவர்லே, ஃபோர்டு லாரிகளில் இந்த ஆவி பிடிக்கும் கேன்கள் பொருத்தப்பட்டன. காற்று தடையின்றிப் புகுவதற்காகச் சில லாரிகளில் முன்புறக் கிரில்லையும் கழற்றிவிட்டார்கள். இன்று லாரிகளிலும் கார்களிலும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காணப்படும் கூலன்ட் பாட்டில் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

அழுத்த மூடி

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் 100 டிகிரி. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். திறந்த மூடியுள்ள பழைய லாரி பாரத்தோடு மலையேறும்போது இரண்டு பக்கமும் நெருக்கடி. எஞ்சின் தரும் வெப்பம் ஏறுகிறது. தண்ணீர் தாங்கும் எல்லை இறங்குகிறது.

இதற்கு விடையாக வந்தது அழுத்த மூடி. சுருள்வில் பொருத்திய வால்வு ஒன்று ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவு வரை தேக்கி வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். 7 பவுண்டு மூடியில் வெறும் தண்ணீர் 111 டிகிரிக்கு மேலும், 15 பவுண்டு மூடியில் 120 டிகிரி அளவிலும் கொதிக்கும். அதே மூடியிலுள்ள இன்னொரு சிறு வால்வு, எஞ்சின் குளிரும்போது கூலன்டைத் திரும்ப உள்ளே விடுகிறது. இந்தச் சிறு மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் முழு ஏற்பாடும் பயனற்றதாகிவிடும்.

தண்ணீரையே கைவிடும் முயற்சிகளும் நடந்தன. 1923-இல் செவர்லே நிறுவனம் செம்புத் தகடுகள் பொருத்திய காற்றுக் குளிர்ப்பு எஞ்சினோடு கார்களை விற்கத் தொடங்கி, அதே ஆண்டில் அவற்றைத் திரும்பப் பெற்றது. மாறாக, 1940-களில் செக் நாட்டின் டாட்ரா 111 லாரி, காற்றால் குளிரும் 12 சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வெற்றி கண்டது. ஆயினும் உலகின் பெரும்பாலான லாரிகள் தண்ணீரையும் ரேடியேட்டரையும் விடவில்லை.

இந்தியச் சாலைகளில்

1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. சென்னையை அடுத்த எண்ணூரில் அதன் ஆலை இயங்கியது. 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டுடன் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிப்பைத் தொடங்கியது. இந்த இரு குடும்பங்களின் லாரிகளே பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடின.

குளிர்நாட்டு எஞ்சின்கள் வெப்பநாட்டுக்கு வந்தபோது இரண்டு பழக்கங்கள் வேரூன்றின. ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இன்னொன்று, கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் கிணற்றிலும் போரிலும் வரும் உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது அண்டாவின் அடியில் படிவதுபோலவே எஞ்சினுக்குள்ளும் வெள்ளைப் படிவு உண்டாகும். படிவு வெப்பத்தைக் கடத்தாது. சிலிண்டர் சுவர் சூடாகவே இருக்கும்; தண்ணீரோ அந்த அளவு சூடேறாது. ஓட்டுநர் பார்க்கும் ஹீட் மீட்டர் உண்மையைச் சொல்லாத நிலை இது.

நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் வளர்ந்த ஊர்களில் ரேடியேட்டர் பட்டறைகளும் உடன் வளர்ந்தன. செம்புக் கோரும் பித்தளை டேங்கும் கொண்ட ரேடியேட்டரின் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி, மீண்டும் ஈயம் வைத்து மூடிவிடலாம். முற்றும் கெட்டால் கோரை மட்டும் மாற்றலாம். பழைய லாரி பல ஆண்டுகள் ஓடுவதற்கு இந்தக் கைத்தொழில் ஒரு பெருந்துணை.

கோளாறைக் கண்டறியும் முறை

சூடேறும் பழைய லாரியைச் சோதிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பது. விடை பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

நின்றபடி எஞ்சின் ஓடும்போதும், ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போதும் சூடாகி, நெடுஞ்சாலையில் குறைந்தால் குறை காற்றோட்டத்தில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். விசிறி இலை உடைந்திருக்கலாம். விசிறியைச் சுற்றியுள்ள கூடு கழற்றப்பட்டிருக்கலாம். அந்தக் கூடு இல்லாவிட்டால் விசிறி, கோர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்தில் கிடைக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

மெதுவாகச் செல்லும்போது நன்றாக இருந்து, வேகத்திலும் பாரத்திலும் சூடானால் குறை தண்ணீரோட்டத்தில். கோரின் குழாய்கள் அடைத்திருக்கலாம். பம்பின் இலைகள் அரித்திருக்கலாம். கீழ் ஹோஸ் மெலிந்து, பம்பின் இழுப்பில் ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது பார்த்தால் அந்த ஹோஸ் நன்றாகவே தெரியும். எஞ்சினை விரைவுபடுத்திப் பார்த்தால்தான் சுருங்குவது புலப்படும். கோரின் மேல் ஆங்காங்கே வெப்பத்தை அளந்து பார்த்தால் அடைத்த குழாய்கள் இருக்கும் இடம் மட்டும் குளிர்ந்திருக்கும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சூடாகி, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அதைக் கழற்றி வெந்நீரில் இட்டு, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பார்க்கலாம். பழுதானால் புதியதைப் பொருத்த வேண்டும். இல்லாமல் ஓட்டுவது தீர்வாகாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழி ஒன்றையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிரவைக்க எண்ணிச் செய்த செயல் சூட்டைக் கூட்டிவிடும்.

குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்துவைத்து இயக்கும்போது மேல் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஐயம் உறுதிப்படும். இந்நிலையில் எத்தனை பெரிய ரேடியேட்டர் வாங்கினாலும் பயனில்லை.

குளிர்விக்கும் அமைப்பில் குறையே இல்லாமலும் எஞ்சின் சூடாகலாம். எரிபொருள் பீய்ச்சும் நேரம் பிந்தினாலும், பிரேக் பிடித்தபடி இருந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் எஞ்சின் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும். மானியே தவறாகக் காட்டலாம். வேறொரு வெப்பமானியால் சரிபார்த்த பிறகே பிற சோதனைகளுக்குச் செல்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள் எக்காலத்துக்கும் பொருந்தும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் பாயும். தண்ணீர் வற்றிக் காய்ந்த எஞ்சினில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது. சூடான இரும்பு திடீரென்று சுருங்கி வெடித்துவிடும்.

பழைய லாரிக்கு ரேடியேட்டர் தேர்ந்தெடுத்தல்

மேற்கண்ட சோதனைகளுக்குப் பிறகும் குறை ரேடியேட்டரில்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி எதை வாங்குவது என்பது.

செம்பு, பித்தளை ரேடியேட்டரே உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. செம்பு அலுமினியத்தைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எடை கருதிச் செம்புக் குழாய்கள் குறுகலாகச் செய்யப்படுகின்றன. ஃபின்களை இணைக்கும் ஈயப் பற்றும் வெப்பத்துக்கு ஒரு தடை. அலுமினியத்தில் அகலமான குழாய்களைப் பயன்படுத்தலாம். உலையில் வைத்து உறுதியாக இணைக்கலாம். இதனால் நடைமுறையில் அலுமினிய ரேடியேட்டர் செம்புக்கு ஈடாகவே நிற்கிறது. 1970-களுக்குப் பின் ஐரோப்பிய ஊர்திகளில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் பரவியதற்கு எடையும் விலையும் காரணங்கள்.

பழைய லாரிக்கு வேறொரு கணக்கும் உண்டு. அதன் சட்டம் முறுக்கிக்கொடுக்கும், அதிர்வு மிகுதி. பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் கண்டால் சாலையோரப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. செம்பு, பித்தளையை எந்த ஊரிலும் ஈயம் வைத்து அடைக்கலாம். மறுபக்கம், அலுமினிய ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அரிப்பு விரைவாகும். கூலன்ட் ஊற்றும் பழக்கம் இல்லாதவருக்கு அது பொருந்தாது. உலோகத்தின் தரத்தோடு, வண்டி ஓடும் ஊரையும் ஊற்றப்படும் தண்ணீரையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, அளவு. இரண்டு வரிசைக் குழாய் உள்ள கோருக்குப் பதில் நான்கு வரிசை போட்டால் குளிர்ச்சி இரட்டிப்பாகும் என்று எண்ணுவது தவறு. முதல் வரிசையைக் கடந்த காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது. பின்வரிசைகளுக்கு அந்தச் சூடான காற்றே கிடைக்கிறது. தடிமன் கூடினால் காற்று புகுவதும் கடினமாகும். இடம் இருந்தால் கோரின் முன்பரப்பைக் கூட்டுவதே மேல். இடம் இல்லாவிட்டால் ஒரு வரிசையைக் கூட்டி, விசிறியையும் அதன் கூட்டையும் சரியாக அமைக்க வேண்டும்.

மூன்றாவது, அழுத்தம். திறந்த மூடியோ, குறைந்த அழுத்த மூடியோ கொண்டு வடிவமைக்கப்பட்ட ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடியைப் போட்டால் மேல் டேங்கின் ஈயப் பற்று விட்டுவிடும். ஹோஸும் பம்பின் சீலும் தாங்காது. தயாரிப்பாளர் குறித்த அளவு மூடியே பொருத்தமானது.

நான்காவது, வண்டியின் காலம். பம்பு இல்லாத தெர்மோசைஃபன் எஞ்சினுக்கு இன்றைய குறுகிய குழாய் ரேடியேட்டரைப் பொருத்தினால், இயற்கையான சிறு விசையால் தண்ணீரை அதனூடே தள்ள முடியாது. அகலமான வழியும், மேல் குழாய்க்கு மேலே நிற்கும் நீர்மட்டமும் அதற்கு வேண்டும். பம்புள்ள எஞ்சினுக்கு இந்தக் கவலை இல்லை.

புதிய ரேடியேட்டரைப் பொருத்தும் முன் எஞ்சினுக்குள் இருக்கும் துருவையும் படிவையும் கழுவி எடுப்பது இன்றியமையாதது. பழைய ரேடியேட்டரை அடைத்த அதே கசடு புதியதையும் அடைக்கும். ஹோஸ், மூடி, பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சேர்த்து மாற்றும் செலவு ரேடியேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. அவற்றில் ஒன்று கைவிட்டால் வெடிப்பது சிலிண்டர் ஹெட். ஒரே லாரியை நம்பிக் கடன் கட்டும் குடும்பத்துக்கு அது பல மாத வருமானம்.

பெர்த்தா பென்ஸ் வழியெங்கும் ஊற்றிய தண்ணீர், மேபாக் அடுக்கிய 8,070 குழாய்கள், ஃபோர்டு நீக்கித் திரும்பச் சேர்த்த பம்பு, பேக்னோல்டின் தகரக் கேன் ஆகியவை அனைத்தும் பழைய லாரி ஒன்றின் முன்புறத்தில் இன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. சூடேறும் லாரி, அந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்கச் சொல்கிறது. அதற்கு விடை கண்ட பிறகு வாங்கும் ரேடியேட்டரே வீண்போகாத ரேடியேட்டர்.